துருவல் யந்திரத் தடங்களுக்கு மூடி: கிராமப் பட்டறைக்கு ஒரு பாடம்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர், திருவண்ணாமலை

கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பஞ்ச மூர்த்திகளின் தேர்கள் ஓடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆண்டில் ஒரு நாள் ஓடும் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின், மழையாலும் வெயிலாலும் தூசியாலும் அதன் வேலைப்பாடு கெடாதிருக்கும் பொருட்டு மூடி வைப்பது நம் நாட்டு வழக்கம். ஒரு நாள் ஓட்டத்திற்காக மற்ற நாளெல்லாம் காப்பது வீண் செலவு என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் நம் கிராமத்துப் பட்டறையில் ஆண்டு முழுவதும் ஓடுகின்ற யந்திரமோ, இரும்புச் சீவலும் மண்ணும் மேலே கொட்டிக் கிடக்கத் திறந்த மேனியாய் நிற்கிறது. அதற்கு ஒரு ரப்பர் மூடி வேண்டும் என்றால் மட்டும், அது அவசியந்தானா என்று கேட்கிறோம்.

பட்டறை யந்திரத்தைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஐயம் எழலாம். பம்பின் தண்டு தேய்ந்தால் மாற்றுத் தண்டு செய்வது பட்டறையில். கதிரடிக்கும் யந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தால் புதியது வெட்டுவது பட்டறையில். மணிலாக்கொட்டை உடைக்கும் யந்திரம், கரும்பாலை, அரிசி ஆலை ஆகிய எல்லாவற்றின் பழுதும் இறுதியில் அங்கேதான் வந்து சேருகிறது. பட்டறை யந்திரம் நேராக ஓடினால் அது செய்யும் பொருளும் நேராக அமையும். அது கோணினால், அந்தக் கோணலின் நட்டம் பட்டறைக்காரரோடு நிற்பதில்லை. வரப்பைத் தாண்டி வயலுக்கும் வந்து சேருகிறது.

துருவல் யந்திரம் என்பது யாது?

பட்டறைகளில் பொதுவாகக் காணப்படுபவை இரண்டு யந்திரங்கள். ஒன்று, லேத் என்று வழங்கும் கடைசல் யந்திரம். இதில் வேலைப்பொருள் சுழலும்; உளி அதன் மேல் நகர்ந்து கடையும். மற்றொன்று, மில்லிங் மிஷின் என்று வழங்கும் துருவல் யந்திரம். இதில் பல பற்களையுடைய வெட்டுச் சக்கரம் சுழலும். வேலைப்பொருள் மேசையின் மீது இறுகப் பூட்டப்பட்டு, மேசையோடு சேர்ந்து நகரும். கைப்பிடியைச் சுற்றினால் முள்தலை சுழன்று தேங்காயைத் துருவுகிறதல்லவா, அதே தத்துவந்தான் இது. தண்டில் சாவிக்காடி வெட்டுவதற்கும், பல்சக்கரத்தில் பல் வெட்டுவதற்கும், தட்டையான முகத்தைச் சமன் செய்வதற்கும் இந்த யந்திரமே ஏற்றது.

அதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். நடுவே உறுதியான வார்ப்பிரும்புத் தூண் ஒன்று நிற்கும். அத்தூணின் முகத்தில் ஒரு தாங்கி மேலும் கீழும் நகரும். தாங்கியின் மேல் சேணம் போன்ற பகுதி ஒன்று முன்னும் பின்னும் நகரும். சேணத்தின் மேல் மேசை இடமும் வலமும் நகரும். இவ்வாறு மூன்று திசைகளிலும் நகர்வதற்கென்று வழவழப்பாகச் சமன் செய்யப்பட்டுள்ள தளங்களைச் சறுக்குத் தடங்கள் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். ரயிலுக்குத் தண்டவாளம் எப்படியோ, அப்படியே இந்த யந்திரத்திற்குச் சறுக்குத் தடம்.

இத்தடங்களைச் சமன் செய்வது எளிய வேலையன்று. சமதளம் ஒன்றை எவ்வாறு உண்டாக்குவது என்பதை ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1840-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் கூடிய சபையில் விளக்கிக் கூறினார். சரிபார்க்கப்பட்ட தளம் ஒன்றில் மெல்லிய மை பூசி, புதிய தளத்தின் மீது வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டும். அந்த மேடுகளைக் கைச்சுரண்டியால் சிறிது சிறிதாகச் சுரண்டிவிட்டு, மீண்டும் மை பூசிப் பார்க்க வேண்டும். இவ்வாறு பல முறை செய்த பிறகே தளம் சமனாகும். இன்றும் தேய்ந்துபோன தடத்தைப் புதுப்பிக்க வேண்டுமாயின், கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளி பல நாட்கள் அமர்ந்து இந்த வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. யந்திரத்தின் விலையில் பெரும்பகுதி இந்தச் சமத்தன்மைக்கே கொடுக்கப்படுகிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1961-இல் அதே நகரில் தோன்றிய பாரத் பிரிட்ஸ் வெர்னர் நிறுவனமும் துருவல் யந்திரங்களைப் பெருவாரியாகச் செய்து நாடெங்கும் அனுப்பின. பெரிய தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் உழைத்த இத்தகைய யந்திரங்களே கைமாறிக் கைமாறிச் சிற்றூர்ப் பட்டறைகளுக்கு வருகின்றன. பழைய யந்திரம் என்பதற்காக அது பயனற்றது என்று எண்ணலாகாது. தடம் நன்றாக இருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். தடம் போய்விட்டால், புது வர்ணம் பூசினாலும் அது பழைய இரும்புதான்.

தடங்கள் தேய்வது எவ்வாறு?

நல்ல நிலையிலுள்ள யந்திரத்தில், ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரு தளங்களுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கே ஆகும். அந்த இடைவெளியில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று, இரும்பை இரும்பு தொடாதவாறு காக்கிறது. நம் தலைமயிரின் பருமனோ அதே கணக்கில் 5 முதல் 10 பங்கு வரை இருக்கும். ஆகவே, கண்ணுக்குப் புலப்படும் எந்தத் துகளும் அந்த எண்ணெய்ப் படலத்தைவிடப் பருமனானதே. அது உள்ளே புகுந்துவிட்டால் படலம் கிழிகிறது. தளத்தில் கீறல் விழுகிறது.

கீறலோடு தீங்கு முடிவதில்லை. உள்ளே புகுந்த துகள் ஒரு தளத்தில் பதிந்து நின்றுவிடுகிறது. பிறகு மேசை நகரும்போதெல்லாம் எதிர்த்தளத்தை அது அரம்போல அராவிக்கொண்டே இருக்கிறது. நாள்தோறும் பல நூறு முறை நகரும் மேசை தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எல்லாத் துகள்களும் ஒரே தன்மையுடையன அல்ல. எஃகைத் துருவும்போது வளைந்த சிறு சீவல்கள் விழும். பித்தளைச் சீவல் ஊசிபோல் கூர்மையாய் நெடுந்தூரம் தெறிக்கும். வார்ப்பிரும்போ கரிய தூளாக உதிரும். அது எண்ணெயோடு கலந்து அராவும் களிம்பாக மாறிவிடுவதால் பெருந்தீங்கு விளைவிப்பது. இவை எல்லாவற்றிலும் கொடியது சாணைக்கல்லின் தூள். அது வார்ப்பிரும்பை விடப் பன்மடங்கு கடினமானது. துருவல் யந்திரத்திற்கு அருகில் சாணை யந்திரத்தை வைப்பது, நெல் அவிக்கும் இடத்திற்கு அருகில் வைக்கோற்போர் போடுவதற்கு ஒப்பாகும்.

நம் வட்டாரத்திற்கே உரிய தூசிகளும் உண்டு. கோடையில் சாலைப் புழுதியோடு வரும் மணல் இரும்பைக் கீறவல்லது. ஆரணி போன்ற ஊர்களில் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்திலேயே பட்டறைகள் அமைந்திருப்பதைக் காண்கிறோம். உமியிலும் உமிச் சாம்பலிலும் சிலிக்கா மிகுதியாக உள்ளது. மணலின் முக்கியப் பொருளும் அதுவே. எனவே, ஆலைப் பக்கமிருந்து காற்றில் வந்து படியும் தூசியை வெறும் சாம்பல் என்று அலட்சியம் செய்யலாகாது.

தேய்மானம் தடம் முழுவதும் சமமாக ஏற்படுவதில்லை என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான வேலைகள் மேசையின் நடுப்பகுதியிலேயே நடைபெறுவதால், நடுப்பகுதித் தடம் அதிகமாகத் தேய்ந்து, ஓரங்கள் தேயாமல் நிற்கின்றன. தளர்ச்சியைப் போக்க ஆப்புப் பட்டையை இறுக்கினால் மேசை ஓரங்களில் சிக்கிக்கொள்கிறது. ஓரங்களுக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடுகிறது. கைச்சக்கரத்தைச் சுற்றும்போது நடுவில் இலேசாகவும் ஓரத்தில் கடினமாகவும் இருந்தால், தடம் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். பழைய யந்திரம் வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தைப் பார்க்காமல் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்ப்பது நலம்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

இனி, என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு தவற்றைக் கூறுகிறேன். அத்தவறு என்னுடையதே.

சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர், தம் கிராமத்தில் பட்டறை தொடங்கக் கடனுதவி கோரி விண்ணப்பித்தார். அவருடைய மதிப்பீடு என் பார்வைக்கு வந்தது. பட்டியலின் கடைசியில் "தட மூடிகள், துடைப்பான்கள், சீவல் தட்டு" என்று மூன்று இனங்கள் இருந்தன. மொத்தத் தொகையைச் சற்றுக் குறைத்தால் விண்ணப்பம் விரைவில் தேறும் என்று கருதி, அம்மூன்றையும் நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "ஐயா, அது இல்லாவிட்டால் மிஷின் கெட்டுவிடுமே" என்று அவர் தயக்கத்துடன் கூறினார். "முதலில் யந்திரம் வரட்டும் தம்பி, மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் பதிலளித்தேன். யந்திரம் வந்தது. கடன் தவணைகளும் வந்தன. மூடி மட்டும் வரவில்லை.

மூன்றாம் ஆண்டுக் கோடையில், அதே ஊரைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் கிணற்றுப் பம்பில் தண்டு தேய்ந்து போயிற்று. அப்பட்டறையில் புதுத் தண்டு செய்து, விசிறியைப் பூட்டுவதற்குச் சாவிக்காடி வெட்டிக் கொடுத்தார்கள். மேசைத்தடம் தேய்ந்திருந்தமையால் காடி ஒரு முனையில் ஆழமாகவும் மறு முனையில் மேலாகவும் அமைந்துவிட்டது. கண்ணுக்கு அது தெரியவில்லை. சாவி ஒரு முனையில் மட்டும் பிடித்து நின்றது. சில நாட்கள் ஓடிய பின் சாவி தளர்ந்தது. விசிறி தண்டின்மேல் ஆடி, உறையில் உரசி உடைந்தது. அப்போது அவருடைய மணிலாப் பயிர் பூத்து விழுது இறங்கும் பருவத்தில் இருந்தது. பூக்கும் காலத்திலும், விழுது இறங்கும் காலத்திலும், காய் பிடிக்கும் காலத்திலும் மணிலாவுக்கு நீர் தவறலாகாது என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது விசிறி வாங்கிவந்து பூட்டுவதற்குள் இரண்டு தண்ணீர் தவறிவிட்டன. செடி நின்றது, காய் நிற்கவில்லை.

அவர் என் அலுவலகத்திற்கு வந்தபோது யாரையும் குறைகூறவில்லை. "பையன் நல்ல வேலைக்காரன்தான் ஐயா, என்ன கோளாறு என்றுதான் விளங்கவில்லை" என்றார். எனக்கு விளங்கிற்று. மறுநாள் பட்டறைக்குச் சென்று பார்த்தேன். சேணத்தின் பின்புறத் தடத்தில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கருந்தூள் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. பின்னர் அந்த இளைஞர் தாமே ரப்பர் விரிப்பு வாங்கி மூடிகள் செய்துகொண்டார். அதற்கு ஆன செலவு, ஒரு தண்டு செய்வதற்கு அவர் வாங்கும் கூலியை விட அதிகமாகவில்லை. தேய்ந்த தடமோ மூடியால் திரும்பி வரவில்லை. அதைச் சுரண்டிச் சமன் செய்ய ஆள் வரவழைத்து, பல நாட்கள் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

மூடி வேண்டிய இடங்கள்

மூடி எங்கெங்கே வேண்டும் என்பதை யந்திரத்தின் முன் நின்று பார்த்தால் எளிதில் அறியலாம்.

முதலாவது, தூணுக்கும் மேசைக்கும் இடையிலுள்ள பின்புறப் பள்ளம். வெட்டுச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சீவல் இங்கேதான் அதிகமாக விழுகிறது. தூணின் செங்குத்துத் தடமும், தாங்கியின் மேல்தடமும் இங்கே திறந்து கிடக்கின்றன. வேலை செய்பவரின் கண்ணில் படாத இடமும் இதுவே. ஒரே ஒரு மூடிதான் செய்ய இயலும் என்றால் அதை இங்கே போட வேண்டும்.

இரண்டாவது, சேணத்திற்கு முன்புறமாகத் தாங்கியின் மேலுள்ள தடம். மேசையின் மீதிருந்து துடைத்துத் தள்ளப்படும் சீவல் இங்கே வந்து விழும். அதன் அடியில் திருகு தண்டு இருப்பதால், சீவல் திருகின் மரைக்குள்ளும் புகுந்து அதையும் தேய்த்துவிடும்.

மூன்றாவது, மேசையின் அடித்தடம். இது கீழ்நோக்கி அமைந்திருப்பதால் மேசையே இதற்கு மூடியாகிறது. ஆயினும், மேசை ஓரமாக நகரும்போது வெளிப்படும் பகுதியில் எண்ணெயோடு தூள் ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்கப்படும். ஆகவே, சேணத்தின் இரு ஓரங்களிலும் கம்பளித் துடைப்பான் பொருத்த வேண்டும். கம்பளியை எண்ணெயில் நனைத்து வைத்தால், அது தடத்தைத் துடைப்பதோடு எண்ணெயும் இடும்.

மூடி செய்யும் முறை

1. பொருளைத் தேர்ந்தெடுத்தல்: எண்ணெய் பட்டாலும் ஊறிப் பருக்காத நைட்ரைல் ரப்பர் விரிப்பே சிறந்தது. ஒன்றரை முதல் 3 மில்லிமீட்டர் வரை கனமுள்ளது போதுமானது. பழைய லாரி ட்யூபை வெட்டிப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் எண்ணெய் பட்டால் சில மாதங்களில் ஊறிக் குழைந்துவிடும். அப்போது மாற்றிவிட வேண்டும். சாக்கும் நைலான் துணியும் ஆகா. சாக்கு தூளை வடிகட்டாது. நைலானைச் சுடுசீவல் பொசுக்கித் துளையிடும்.

2. அளவெடுத்தல்: தாங்கியை அதன் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும், சேணத்தை முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நகர்த்தி, தூணுக்கும் சேணத்திற்கும் இடையே ஏற்படும் மிகப் பெரிய தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூடி அத்தூரத்தை விடச் சற்று நீளமாக இருத்தல் அவசியம். மிக நீளமானால் மடிந்து இடையில் சிக்கும், குறைவானால் கிழியும்.

3. மாதிரி வெட்டுதல்: ரப்பரை வெட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாளிலோ அட்டையிலோ மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இதனால் விலையுள்ள பொருள் வீணாகாது.

4. பொருத்துதல்: ரப்பரின் விளிம்பின் மேல் தகட்டுப் பட்டை வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். பல யந்திரங்களில் இதற்கென்றே துளைகள் விடப்பட்டிருக்கும். துளை இல்லாவிடில் தடத்தின் மேல் ஒருபோதும் துளையிடலாகாது. தடமல்லாத பக்கப்பகுதியிலேயே இடவேண்டும்.

5. முன்புற மூடி: இதற்கு விசிறி மடிப்பாகத் தைத்த ரப்பர்த் துணி ஏற்றது. அது கிடைக்காவிடில், சேணத்தின் முன்விளிம்பில் ரப்பர் விரிப்பைப் பொருத்தித் தாங்கியின் முன்னே தொங்கவிடலாம். அது கைச்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. சோதித்தல்: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூன்று திசைகளிலும் எல்லை வரைக்கும் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். மூடி எங்கும் இழுபடாமலும், வெட்டுச் சக்கரத்தின் அருகே செல்லாமலும் இருந்தால் மட்டுமே யந்திரத்தை ஓட்டலாம். சுழலும் சக்கரத்தில் மூடி சிக்கினால் ஆளுக்கே ஆபத்து.

கடைசல் யந்திரத்திற்கும் இதே விதி பொருந்தும். அதில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அடியிலுள்ள படுகையே முதலில் தேய்கிறது. உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் வேலை செய்யும்போதாவது, படுகையின் மேல் ஒரு தகட்டையோ தடித்த துணியையோ பரப்பிவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்து உதறுவது நல்லது. அந்தத் துணியின் முனைகள் சக்கில் சிக்காதபடி இறுகச் செருகியிருக்க வேண்டும்.

மூடி மட்டும் போதாது

மூடி போட்டாயிற்று என்று கவலையற்று இருந்துவிடலாகாது. எந்த மூடியானாலும் சிறிதளவு தூள் உள்ளே புகவே செய்யும். வெட்டும்போது ஊற்றும் குளிர்நீர்மமும் கசிந்து அடியில் தேங்கும். அதைப் பல மாதங்கள் திறந்து பாராமல் விட்டால், மூடிக்கு அடியிலேயே துருப்பிடிக்கும். ஆகவே வாரத்திற்கு ஒரு முறையேனும் மூடியைத் தூக்கி, அடியில் துடைத்து, எண்ணெய் இடவேண்டும். கம்பளித் துடைப்பானில் தூள் ஏறிவிட்டால் அதுவே அரமாகிவிடும். அதனால் அதைக் கழுவவோ மாற்றவோ வேண்டும்.

காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது இன்று பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பார்ப்பதற்கு இது விரைவான முறையே. ஆனால் மேலே கிடக்கும் தூளை, துடைப்பானையும் தாண்டித் தடத்தின் இடுக்குக்குள் செலுத்துவதும் இதுவே. கண்ணில் சீவல் தெறித்துப் பார்வையைக் கெடுப்பதும் இதுவே. சுழற்சியை முற்றிலும் நிறுத்திவிட்டுத் தூரிகையால் தள்ளி எடுப்பதே முறை. வெறுங்கையால் சீவலை அள்ளுதல் கூடாது. சக்கரம் சுழலும்போது கந்தைத் துணியோடு கையை அருகில் கொண்டு செல்வது உயிருக்கே இடர் தரும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். சறுக்குத் தடங்களுக்கென்று 68-ஆம் எண் பாகுநிலையுள்ள எண்ணெய் விற்கப்படுகிறது, அதுவே ஏற்றது. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள கரியும் இரும்புத் துகளும் சேர்ந்து உள்ளே போகும். கிரீஸ் சீவலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் இவ்விரண்டும் செலவையே வளர்ப்பன.

சீவலும் கால்நடையும்

யந்திரத்திலிருந்து கூட்டி எடுத்த சீவல் எங்கே போகிறது? பல பட்டறைகளில் அதைச் சாலையோரத்திலோ எருக்குழியிலோ கொட்டிவிடுகிறார்கள். மாடு தீவனத்தை நன்கு மென்று விழுங்குவதில்லை. முதலில் விழுங்கிவிட்டுப் பிறகே அசைபோடுகிறது. அதனால் புல்லோடும் வைக்கோலோடும் கலந்த கம்பித் துண்டும் கூர்மையான இரும்பும் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. அவை இரண்டாம் வயிற்றில் தங்கி, அதன் சுவரைத் துளைக்கக்கூடும். அதற்கு அடுத்தே இதயம் இருப்பதால், இரும்பு இதயத்தைச் சுற்றியுள்ள உறை வரைக்கும் சென்று கறவை மாடு இறந்துபோவதும் உண்டு. திடீரென்று தீனி குறைந்து, பால் வற்றி, முதுகை வளைத்து நிற்கும் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

யந்திரத்தின் அடியில் ஒரு தகரத் தட்டு வைத்துச் சீவலைச் சேர்த்துவந்தால், இரும்பு, பித்தளை, அலுமினியம் என்று தனித்தனியே பிரித்துப் பழைய உலோகம் வாங்குவோரிடம் விற்கலாம். தடத்திற்கும் நன்மை, மாட்டிற்கும் நன்மை, பட்டறைக்குச் சிறு வருவாயும் ஆகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

தனி மனிதரின் பட்டறையில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று எண்ணலாகாது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றின் மூலம் எத்தனையோ சிற்றூர் இளைஞர்கள் மானியத்துடன் கடன் பெற்றுத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மானியம் பொதுப்பணம். அதனால் வாங்கிய யந்திரம் நீடித்து உழைக்கிறதா என்று கேட்பதற்கு ஊருக்கு உரிமையுண்டு; அதைவிட, உதவி செய்வதற்குக் கடமையும் உண்டு.

உங்கள் ஊர் இளைஞர் யந்திரம் வாங்க மதிப்பீடு தயாரிக்கும்போது மூடி, துடைப்பான், சீவல் தட்டு ஆகியவற்றைத் தனி இனமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற அதிகாரி எவரேனும் அதை அடிக்க முற்பட்டால் காரணத்தை எடுத்துக் கூறுங்கள். கிராம சபையில் பட்டறைக் கழிவைப் பற்றிப் பேசி, சாலையோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் உலோகச் சீவல் கொட்டுவதைத் தடுத்து நிறுத்துங்கள். பழுது பார்க்கக் கொடுத்த பொருளை வாங்கும்போது விவசாயிகள், சாவி காடியில் முழு நீளத்திற்கும் ஒரே சீராக அமர்கிறதா என்று பட்டறையிலேயே பொருத்திக் காட்டச் சொல்ல வேண்டும். இது ஐயத்தின் அடையாளம் அன்று; நல்ல தொழிலாளி இதை விரும்பவே செய்வார்.

தொழிற்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள் மூலமாகவும் இந்த அறிவு ஊருக்கு வரும். 2022-ஆம் ஆண்டில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் தமிழ்நாடு அரசு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுமுறைத் தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. கணினியால் இயங்கும் இன்றைய துருவல் யந்திரங்களை அங்கே காணலாம். ஒன்றனுள் ஒன்று நுழைந்து நீளும் எஃகுத் தகடுகளாலான மூடிகள் அவற்றின் தடங்களை மறைத்திருப்பதைப் பிள்ளைகளும் கவனித்துப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த யந்திரம் செய்பவர் எவரும் தடத்தைத் திறந்து விடுவதில்லை. நம் ஊர்ப் பழைய யந்திரத்திற்கு எஃகுத் தகடு தேவையில்லை. ஒரு முழ ரப்பர் போதும்.

விதை வாங்குகிறோம், வேலி கட்டாவிட்டால் விளைச்சல் வீடு வந்து சேருமா? யந்திரம் வாங்குவது விதைப்பதற்கு ஒப்பு; மூடி போடுவது வேலி கட்டுவதற்கு ஒப்பு. அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, தூணுக்கும் மேசைக்கும் நடுவே குனிந்து ஒருமுறை பாருங்கள். அங்கே மூடி இருந்தால் பட்டறைக்காரரைப் பாராட்டுங்கள். இல்லாவிடில் இக்கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த கோடையில் உங்கள் கிணற்றுப் பம்பு ஓடுவதும் நிற்பதும் அந்த ஒரு முழ ரப்பரைப் பொறுத்திருக்கக்கூடும்.